கிடாவின் காலில் சிவப்புப் பற்று

அன்றைக்குக் காலையில் கதவைத் திறந்தபோது மாடி வீட்டு இத்தாவின் கிடா என் வாசற்படியில் படுத்திருந்தது. முன்னங்கால் ஒன்றை மடக்க முடியாமல் நீட்டி வைத்திருந்தது. குளம்புக்கு மேலே வெட்டுக்காயம். முட்டி வீங்கிப் பந்துபோல் இருந்தது. படியெல்லாம் ரத்தத் துளிகள். 'ஐயோ பாவம்' என்றுதான் எனக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது என்னவோ, 'யாரோ வேண்டுமென்றே கொண்டுவந்து என் வாசலில் போட்டிருக்கிறார்கள்' என்பதுதான்.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். மீன்காரர் வைப்பின் தீவில் விடியற்காலை பிடித்த மீன் என்று சத்தியம் செய்தாலும் செவுளைத் திறந்து பார்க்காமல் விடமாட்டேன். ஆனால் அன்றைக்குச் சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தது. நாலு நாளைக்கு முன்னால் இதே கிடா என் கறிவேப்பிலைச் செடியை மொட்டையடித்துவிட்டுப் போனது. மூன்று வருடமாகத் தொட்டியில் வளர்த்த செடி. ஆத்திரத்தில் சந்தில் நின்று, "இன்னொரு தடவை இந்தப் பக்கம் வந்தா காலை ஒடிச்சிருவேன்!" என்று கத்தினேன்.

எங்கள் தேனிப் பக்கத்தில் இதையெல்லாம் ஒரு பேச்சாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெற்ற பிள்ளையை ஒரு நாளைக்கு நாலு தடவை இப்படிச் சொல்லித்தான் வளர்ப்போம், யாரும் யார் காலையும் ஒடித்ததில்லை. ஆனால் இங்கே கொச்சியில், மட்டாஞ்சேரிக் கொச்சங்காடியில், இரண்டு பக்கமும் கிடங்குச் சுவர் உயர்ந்த சந்தில் நின்று அதைச் சொன்னால், கேட்கிறவர்களுக்கு அது வெறும் வசவு என்று தெரியாது. காலும் ஒடிப்பதும் மலையாளத்திலும் காலும் ஒடிப்பதும்தான். எதிரே சுக்குக் கிடங்கில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சேட்டன் வேலையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அப்படிச் சொன்னவள் வாசலில் கால் ஒடிந்த கிடா. வேறு யாரை நினைப்பார்கள்?

அந்தக் கிடாவுக்கும் எனக்கும் உள்ள உறவைச் சொல்லிவிடுகிறேன். நான் வீட்டில் மாவாட்டி விற்கிறேன். தோலோடு இருக்கிற கறுப்பு உளுந்தை ஊறப்போட்டுக் கழுவினால்தான் இட்லி எனக்குத் திருப்தியாக வரும். கழுவிய தொலி தினமும் ஒரு சட்டி சேரும். மட்டாஞ்சேரியில் ஆடுகளை யாரும் கட்டிப்போடுவதில்லை. கிடங்கு வாசலில் சிந்தியதையும் சாக்கையும் சுவரொட்டியையும் தின்று வயிறு நிறைந்த பிறகு தானாக வீட்டுக்குப் போகும். இந்தக் கிடா மட்டும் காலை ஏழு மணிக்கு என் வாசலுக்கு வந்து, தொலிச் சட்டியை வைக்கும்வரை கதவை முட்டும். என் கையிலிருந்தே வாங்கித் தின்னும். எனக்கு அதைப் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். வராத அன்றைக்குச் சந்துப் பக்கம் எட்டிப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

இத்தா என்றால் இங்கே முஸ்லிம் வீட்டு அக்கா; அவருக்கு அது வெறும் ஆடு இல்லை. அவருடைய மூத்த மகன் வளைகுடாவில் ஒரு விபத்தில் சிக்கிப் பிழைத்த வருடம் அதைக் குட்டியாக வாங்கினார். ரெண்டு வயது நிறைந்ததும் பலிப்பெருநாளுக்குக் கொடுப்பதாக மனதில் வைத்து, தன் கையால் தழை ஒடித்துப் போட்டு வளர்த்தார். பெருநாளுக்குக் கொடுக்கும் ஆட்டுக்குக் குறை இருக்கக்கூடாது. நொண்டுகிற ஆடு ஆகாது. அன்றைக்கு அமாவாசை. இனிப் பிறை கண்டு பத்தாம் நாள் பெருநாள். கணக்குப் பார்த்தால் பன்னிரண்டு நாள்கூட முழுதாக இல்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கிடாவைத் தூக்கிக் கிடங்கு வாசலில் வைத்துவிடலாமா என்று யோசித்தேன். சந்தில் அந்நேரம் யாரும் இல்லை. கிட்டப்போய்க் குனிந்தேன். அது என் கையை முகர்ந்தது, தொலி கொண்டுவந்திருக்கிறேனா என்று. அதற்கப்புறம் என்னால் அந்தக் காரியத்தைச் செய்ய முடியவில்லை.

கொதித்து ஆறிய தண்ணீரில் உப்புப் போட்டு, காயத்தை மண் போகக் கழுவினேன். என் வீட்டுக்காரருடைய பழைய மஞ்சள் வேட்டியைக் கிழித்து மடித்து, ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்தேன். நூறுவரை எண்ணிக் கையை எடுத்தேன், நிற்கவில்லை. மறுபடியும் அழுத்தி எண்ணினேன். கால் உள்ளே முறிந்திருக்குமோ என்று பயமாக இருந்ததால் இழுத்து நிமிர்த்தாமல், பிரம்புக் கூடையிலிருந்து இரண்டு பட்டையை ஒடித்து இரண்டு பக்கமும் அண்டக்கொடுத்துத் துணியால் கட்டினேன். கிடா கத்தாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முட்டி வீக்கத்தைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் வீட்டில் யாருக்குச் சுளுக்கு என்றாலும் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துச் சூடாக்கிப் பற்றுப் போடுவதுதான் வழக்கம். அவர் வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பு டப்பாவிலிருந்து தாராளமாக எடுத்துக் குழைத்து, முட்டி மேல் அப்பினேன். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் செக்கச்செவேல் என்று ஆகும். தமிழ்நாட்டில் ஆரத்தி எடுத்த எவருக்கும் தெரிந்த விஷயம்.

அந்த நேரம் பார்த்து மழை தூறியது. பற்றுக் கரைந்து கிடாவின் கால் வழியாக ஓடி, படியில் இறங்கிச் சந்தில் சிவப்பாகப் போனது. படியின் இரண்டு ஓரத்திலும் அமாவாசைக்காக நான் முந்தின ராத்திரியே அறுத்துக் குங்குமம் தடவி வைத்த எலுமிச்சம்பழம். கிடாவின் காலில் மஞ்சள் துணிக் கட்டு. என் பத்து விரலும் சிவப்பு. இந்தக் கோலத்தில்தான் இத்தா தன் கிடாவைத் தேடிக்கொண்டு வந்தார்.

"என்றெ படச்சோனே! சோரயல்லே இது!"

"ரத்தம் இல்ல இத்தா! மஞ்சளும் சுண்ணாம்பும். வீக்கத்துக்குப் போட்டேன்."

இத்தா நம்பியிருப்பார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதற்குள் கிடங்குச் சேட்டன் வந்து எட்டிப் பார்த்துவிட்டார். "மஞ்ஞளும் சுண்ணாம்புமோ? இது குருதியல்லே!" என்றார். கேரளத்தில் பகவதி கோயில்களில் பலி ரத்தத்துக்குப் பதிலாக இதே இரண்டையும் தண்ணீரில் கலக்கி வைத்துப் பூஜை செய்வார்கள், அதற்குப் பெயர் குருதி. அவர் அதோடு விடவில்லை. "அமாவாசி, வெள்ளியாழ்ச்ச, நாரங்ங..." என்று விரல் விட்டு எண்ணி, நாரங்ங என்ற அந்த எலுமிச்சம்பழத்தைக் காலால் தொடாமல் சுற்றிக்கொண்டு நின்றார். செய்வினை என்ற சொல்லை அவர் வாயால் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

இத்தா என்னை எப்போதும் மகளாக நினைத்து 'மோளே' என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்குக் கூப்பிடவில்லை. "நீயல்லே பறஞ்ஞது, கால் ஒடிக்குமெந்நு?" என்று மட்டும் கேட்டார்.

கிடாவைச் சேட்டன்தான் தூக்கி ஆட்டோவில் வைத்தார். மிருக ஆசுபத்திரிக்கு நானும் ஏறிக்கொண்டேன். என்னை வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. நான் இல்லாத இடத்தில் என்ன பேசுவார்களோ என்ற சந்தேகத்தில் ஏறினேன். கிடாவின் தலை இத்தா மடியில், பின்பக்கம் என் மடியில். ஆசுபத்திரி இருக்கிற தோப்பும்படிவரை நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

டாக்டர் சின்ன வயதுப் பெண். கட்டை அவிழ்த்துப் பார்த்து, அண்டக்கொடுத்துக் கட்டியவர் நன்றாகக் கட்டியிருக்கிறார் என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சுண்ணாம்பு வைத்தவருக்குத்தான் அறிவில்லை, தோல் வெந்திருக்கிறது பாருங்கள் என்றார். நான் மறுபடி குனிந்துகொண்டேன். எலும்பு முறியவில்லையாம், மூட்டுப் பிசகியிருக்கிறதாம். காயத்தைச் சுத்தம் செய்து தையல் போட்டு, ஊசி போட்டு, பத்து நாள் படி ஏற விடாதீர்கள் என்றார். நாங்கள் கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். யாரும் அடித்த காயம் இல்லை இது. கம்பி மாதிரி ஏதோ ஒன்றில் கால் மாட்டி, இழுத்து இழுத்துக் கிழிந்திருக்கிறது.

படி ஏறக்கூடாது என்றதும் புதுச் சிக்கல் முளைத்தது. இத்தாவின் வீடு மாடியில். செங்குத்தான மரப்படி. கீழே இடம் இருப்பது என் வீட்டு முன்கூடத்தில் மட்டும்தான். யாரும் அடிக்கவில்லை என்றாலும் செய்வினைப் பயம் போகாததால், இத்தாவுக்குக் கிடாவை என் வீட்டில் விடவும் மனமில்லை, வேறு வழியும் இல்லை. இத்தா ஒரு முடிவெடுத்தார். மாடியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியை இறக்கி என் முன்கூடத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டார். தொழுகைக்கும் தூங்கவும் மட்டும் மேலே போவார். நான் கிரைண்டர் ஓட்டுவேன், அவர் காவல் இருப்பார். நான் கொடுத்த சாயாவைத் தொடவில்லை. தண்ணீர்கூடத் தன் வீட்டுப் பாட்டிலில் கொண்டுவந்தார். நான் கிடாவுக்குத் தொலி வைத்தால், முதலில் அவர் கையில் அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தின்ன விடுவார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாலையும் மீனையும் சோதித்துப் பார்ப்பது என் வழக்கம். என்னை ஒருவர் முகர்ந்து பார்ப்பது அதுவரை நடந்ததில்லை. மாவு வாங்க வருகிற பெண்களும் பாதியாகக் குறைந்துபோனார்கள். வந்தவர்களும் பாத்திரத்தை நீட்டிக்கொண்டே என் விரல்களைப் பார்த்தார்கள். சிவப்பு நகக்கண்ணில் ஒட்டிப் போகவே இல்லை.

என் மேல் விழுந்த பழியைத் துடைக்க ஒரே வழி, அந்தக் கம்பியைக் கண்டுபிடிப்பது. சந்து முழுக்க அலசினேன். சாக்கடை மூடியைக் குனிந்து பார்த்தேன். நிறுத்தியிருந்த லாரிகளின் அடியில் பார்த்தேன். கிடங்கு வாசலில் மூட்டை கட்டும் கம்பிச் சுருள் கிடந்தது. அதைப் பார்த்ததும் முடிவே செய்துவிட்டேன். அந்தச் சேட்டன் ஏன் முதல் ஆளாக ஓடிவந்து குருதி, நாரங்ங என்று அடுக்கினார்? தன் குற்றத்தை என் தலையில் கட்டத்தான்! அத்தனை பேர் முன்னாலும் போய்க் கேட்டேன். "உங்க கம்பிதானே அது? இல்ல, உங்க கொக்கியா?" மூட்டை தூக்கும் கொக்கியை அவர் தோளிலிருந்து இறக்கி, என் முகத்துக்கு நேரே திருப்பித் திருப்பிக் காட்டினார். "நோக்கிக்கோ, நல்லோணம் நோக்கிக்கோ" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நடிக்கிறார் என்று நினைத்தேன்.

இந்தத் தேடலில் இன்னொன்றும் கவனித்தேன். கறிவேப்பிலைத் தொட்டி பக்கச்சந்தில் இருக்கிறது. கிடா மொட்டையடித்த அன்றே, பழைய மேசை விசிறியின் கம்பிக் கூண்டை அதன் மேல் கவிழ்த்து வைத்திருந்தேன். அந்தக் கூண்டைக் காணவில்லை. பழைய இரும்பு எடுக்க வருகிற ஆக்ரிக்காரன் சுருட்டிக்கொண்டு போயிருப்பான் என்று அவன் பெயரையும் என் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் வல்லார்பாடம் முனையத்திலிருந்து கோயம்புத்தூருக்கு கண்டெய்னர் ஓட்டுகிறவர். கிடா அடிபட்ட அன்று விடியற்காலையே கிளம்பிப் போனவர், ஐந்தாம் நாள் வந்தார். வாசலில் கிடாவையும் நாற்காலியில் இத்தாவையும் பார்த்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கிடாவைத் தாண்டும்போது மெதுவாகக் காலைத் தூக்கி வைத்துத் தாண்டினார். சாயங்காலம் கடைக்குப் போய் அதற்கு பிஸ்கட் பாக்கெட் வாங்கி வந்தார். இருபத்திரண்டு வருடத்தில் எனக்கே அவர் கேட்காமல் பிஸ்கட் வாங்கி வந்ததில்லை. ஏதோ இடித்தது. ஆனால் மறுநாள் காலையில் அவர் மறுபடி வண்டிக்குப் போய்விட்டார்.

ஆறாம் நாள் ஒரு நல்லது நடந்தது. டாக்டர் சொன்ன மருந்தைத் தடவ, நான் கிடாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வலியில் அது உதைத்தது, உதை என் தாடையில் விழுந்தது. நான் பிடியை விடவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு கட்டி முடித்தேன். பதினொரு மணிக்கு நான் சாயா போட்டபோது இத்தா, "எனக்கும் ஒரு கிளாஸ்" என்றார். நான் உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு அழுதேன். அன்றிலிருந்து தினமும் குடித்தார். கிடாவும் மூன்று காலில் நின்று, நாலாவதைத் தொட்டுத் தொட்டு எடுத்தது. "அல்லாஹ் விசாரிச்சால் நடக்கும்" என்றார் இத்தா, அல்லாஹ் நினைத்தால் நடக்கும் என்று. நானும் அப்படித்தான் நம்பினேன்.

எட்டாம் நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. டேங்கர் வரும் என்றார்கள். பக்கச்சந்தில் இருந்த நீல நிறப் பீப்பாயைக் கழுவலாம் என்று உருட்டினேன். பின்னால் சுவரோடு சுவராகச் சொருகியிருந்தது விசிறிக் கூண்டு. நெளிந்திருந்தது. கம்பி நுனிகளில் காய்ந்த ரத்தம், பழுப்பு மயிர்.

அன்று மத்தியானம் அவர் வந்தார். சாப்பிட உட்கார்ந்தவர் முன்னால் கூண்டை வைத்தேன். அவர் கதவுப் பக்கம் பார்த்தார்.

"சத்தம் போடாத. அந்தம்மா காதுல விழும்."

"நீங்கதான் ஒளிச்சு வச்சீங்களா?"

"அன்னைக்கு நான் கெளம்புறப்ப கெடா இதுல கால் மாட்டி முட்டிக்கிட்டுக் கெடந்துச்சு. எடுத்துவிட்டேன். வண்டிக்கு நேரமாயிருச்சு. நீ எந்திரிச்சா பாத்துக்குவன்னு போயிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? ஊரே என்னைப் பேசுதே!"

"என்னத்தச் சொல்ல? காலை ஒடிப்பேன்னு நீதான் சொன்ன. கம்பிய வேற நுனி நுனியா நறுக்கி மேல பாக்க வச்சிருந்த. சொன்னத செஞ்சிட்டன்னு நெனச்சேன். வெளிய தெரிஞ்சா உனக்குத்தான் அசிங்கம்னு மறைச்சேன். அடுத்த டிரிப்ல வண்டில போட்டு எங்கயாவது வீசிரலாம்னு இருந்தேன்."

அவர் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. எனக்கு நல்லது செய்ததாக நினைத்துத்தான் சொன்னார், சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இத்தா நினைத்ததற்கு நான் கோபப்பட்டேன். சேட்டன் நினைத்ததற்குக் கோபப்பட்டேன். என்னோடு இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்திய மனிதர் ஒரு நிமிடம்கூடத் தயங்காமல் அதையே நினைத்திருக்கிறார். என் பக்கம் நின்றுகொண்டே நினைத்திருக்கிறார்.

செடி மேலே வளர இடம் வேண்டும் என்றுதான் கூண்டின் நடுவில் கம்பிகளை நறுக்கினேன். நுனிகள் துருத்திக்கொண்டு நின்றன. மடக்கிவிட்டிருக்கலாம், இடுக்கி கையில்தான் இருந்தது. 'குத்தட்டும், குத்தினால்தான் வராது' என்று அப்போது நினைத்தேன். இதை அவரிடம் சொல்லவில்லை.

கூண்டை எடுத்துக்கொண்டு முன்கூடத்துக்குப் போனேன். அவர் பின்னாலேயே வந்து கையைப் பிடித்தார், உதறினேன். இத்தா சாயா குடித்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் கூண்டை வைத்து, "இதுலதான் மாட்டியிருக்கு. என்னோடது. கறிவேப்பிலைக்கு நான் வச்சது" என்றேன்.

இத்தா கிளாஸைக் கீழே வைத்தார். கம்பியில் ஒட்டியிருந்த மயிரை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார். நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "கால் ஒடிக்கானோ வச்சது?"

"இல்ல" என்றேன். ஆனால் உடனே சொல்ல வரவில்லை. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் ஆனது. அந்த நேரத்தை இத்தா கவனித்தார்.

கிளாஸில் பாதிச் சாயா இருந்தது. அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, சேட்டனைக் கூப்பிட்டார். சேட்டன் கிடாவைத் தோளில் தூக்கிக்கொண்டு மரப்படி ஏறினார். நான் அவரிடம், "தப்பா நெனச்சிட்டேன் சேட்டா" என்றேன். "சாரமில்ல" என்று, பரவாயில்லை என்கிற மாதிரி சொன்னார், திரும்பாமல்.

பெருநாளுக்கு முந்தைய நாள் பள்ளிவாசல் உஸ்தாது வந்து பார்த்தார். கிடாவைச் சந்தில் நடக்கவிட்டார்கள். நான் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். என் ஆயுளில் நான் அவ்வளவு வேண்டிக்கொண்டதில்லை. முதல் நாலடி நேராகத்தான் நடந்தது. ஐந்தாவது அடியில் கால் இழுத்தது. உஸ்தாது தலையசைத்துவிட்டுப் போனார். இத்தா வேறு ஆறு வீட்டாரோடு சேர்ந்து ஒரு மூரியில், அதாவது எருதில், பங்கு எடுத்துக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். ரெண்டு வருடம் கையால் தழை ஒடித்துப் போட்டது வேறு, பங்கு எடுப்பது வேறு. எனக்கும் தெரியும்.

ஒவ்வொரு பெருநாளுக்கும் வாழையிலையில் பொதிந்து எங்களுக்கு ஒரு பங்கு ஆட்டுக்கறி மாடியிலிருந்து இறங்கி வரும். நாங்கள் மூரிக்கறி சாப்பிடுவதில்லை என்று இத்தாவுக்குத் தெரியும். இந்த வருடம் எதுவும் வரவில்லை. மூரி என்பதால் வரவில்லையா, நான் என்பதால் வரவில்லையா? இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் இத்தாவும் உடனே பதில் சொல்லாமல் ஒரு மூச்சு தாமதித்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

கூண்டை ஆக்ரிக்காரனிடம் போட்டுவிட்டேன். கறிவேப்பிலை துளிர்த்துவிட்டது. அதற்குக் காவல் எதுவும் இல்லை.

பெருநாள் முடிந்து நாலாம் நாள் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தேன். கிடா சந்தில் நின்றது. வழக்கம்போலக் கதவை முட்டவில்லை. தொலியைக் கையில் அள்ளி நீட்டினேன். கழுத்தை நீட்டி முகர்ந்தது, பிறகு இழுத்து இழுத்து மூன்றடி பின்னால் போய் நின்றது. சட்டியைப் படியில் வைத்துவிட்டு நகர்ந்தேன். அப்போதும் வரவில்லை, என் கையையே பார்த்தது. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் வந்து தின்றது.